எஞ்சின் மாற்றிய வானில் ஹீட் மீற்றர் பிழையாகக் காட்டினால்

எஞ்சின் மாற்றிய வானில் ஹீட் மீற்றரின் முள் எழும்பாமல் கிடந்தாலோ, திறப்பைத் திருப்பிய உடனே மேலே போய் நின்றாலோ, பழுது பெரும்பாலும் விரல் நுனியளவான ஒரு பித்தளைச் சென்சரிலும் அதிலிருந்து போகும் ஒற்றை வயரிலுந்தான் இருக்கும். டாஷ்போர்டைக் கழற்ற வேண்டி வருவது அரிது. சாதாரண மல்டிமீற்றர் ஒன்று, வெப்பம் பார்க்கும் கருவி ஒன்று, சின்னப் பல்ப் ஒன்று, ஒரு முழம் வயர் கையில் இருந்தால் ஒரு பின்னேரத்துக்குள் வீட்டு முற்றத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஓடும் டொயோட்டா டொல்பின் வானில் 2எல் எஞ்சினைக் கழற்றிவிட்டு 3எல் அல்லது 5எல் ஏற்றிய வண்டியை மனதில் வைத்து இதை எழுதுகிறோம் (இவை எஞ்சின் மொடல்களின் பெயர், லீற்றர் அளவல்ல). மற்ற வண்டிகளுக்கும் முறை இதுதான். மாறும் இடங்களை அந்தந்த இடத்தில் சொல்கிறோம்.

முதலில் எஞ்சினைப் பாருங்கள், மீற்றரைப் பிறகு பார்க்கலாம்

புதிதாகப் பழகுபவர்கள் செய்யும் முதற் பிழை, முள்ளில் வேலையைத் தொடங்குவது. எஞ்சின் உண்மையாகவே கொதிக்கிறதா, மீற்றர்தான் பிழையாகக் காட்டுகிறதா என்று தெரியாமல் வயரைத் தொடவே கூடாது. டீசல் எஞ்சினின் ஹெட், அதாவது சிலிண்டர்களின் மேல் மூடி, ஒருமுறை நன்றாகக் கொதித்தாலே வெடிப்பு விட்டுவிடலாம். மீற்றரைப் பழுதுபார்க்கிறோம் என்று எஞ்சினை நெடுநேரம் ஓடவிட்டு, புதிதாகப் போட்ட எஞ்சினையே இழந்தால் அந்தச் செலவு மீளாது.

காலையில் எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது ரேடியேற்றர் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் கழுத்து வரை நிற்க வேண்டும். சூடான எஞ்சினில் அந்த மூடியைத் தொடவேண்டாம். மூடியின் அழுத்தம் 0.9 பார் என்றால் உள்ளே இருக்கும் தண்ணீர் 118 பாகை வரை கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடி திறந்த கணத்தில் அது பொங்கி, ஆவியும் கொதிநீருமாக முகத்துக்கு வரும். மேல் ஓஸை அழுத்தினால் மெத்தென்று இருக்கும் வரை பொறுத்திருங்கள்.

தண்ணீர் சரியென்றால் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, வெப்பம் பார்க்கும் துப்பாக்கியால், அதாவது இன்ஃப்ராரெட் தேர்மோமீற்றரால், தேர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் ரேடியேற்றருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) இருக்கும் கூட்டின் வெப்பத்தைப் பாருங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் இந்தக் கருவி உள்ளதைவிட மிகக் குறைத்துக் காட்டும். ஆகவே அந்த இடத்தில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, ஒரு சாண் தூரத்திலிருந்து அதன் மேல் பிடியுங்கள். தள்ளி நின்று பிடித்தால் பக்கத்து இரும்பின் சூட்டையும் சேர்த்துத்தான் காட்டும். 82 பாகையில் திறக்கும் தேர்மோஸ்டாட் உள்ள எஞ்சின், நின்ற இடத்தில் ஓடும்போது கூட்டின் வெளிப்பக்கத்தில் 80க்கும் 90க்கும் இடையில் வந்து நிலைக்க வேண்டும். 100ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் எஞ்சினை நிறுத்துங்கள். அது மீற்றர் பழுது அல்ல. வோட்டர் பம்ப், அடைத்த ரேடியேற்றர், பேன், ஹெட் கெஸ்கட் என்று வேறு திசையில் தேட வேண்டியது.

இனி மறுபக்கம். முள் கீழே கிடக்கிறதே, எஞ்சின் குளிராகத்தான் இருக்கிறது என்று நிம்மதி கொள்ள வேண்டாம். சென்சர் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். எஞ்சின் மாற்றிய பிறகு உள்ளே காற்று அடைபட்டிருந்தால் சென்சரின் நுனி காற்றுக்குள் தொங்கும். ஹெட் கொதித்துக்கொண்டிருக்கும், முள்ளோ பாதிக்குக் கீழே அமைதியாக நிற்கும். முள் திடீரென்று ஏறி, கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கினால் முதலில் காற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும். புது எஞ்சினில் முதல் வாரம் வரும் ஹீட் முறைப்பாடுகளில் மிக எளிதாகத் தீர்வதும் இதுதான்.

காற்றை வெளியேற்றும் முறை: வானின் முன் சில்லுகளைப் பலகையின் மேல் ஏற்றி நிறுத்துங்கள். நம் ஊர்த் தரை தட்டை, சரிவு தேடி அலைவதைவிடப் பலகை வசதி. பின் சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள், ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். ஹீட்டர் இணைப்பு இருந்தால் அதைச் சூட்டுப் பக்கம் திருப்புங்கள். மூடி திறந்தபடியே மெதுவாக நிரப்பி, எஞ்சினை ஐடிலில் விட்டு, மேல் ஓஸைக் கையுறை போட்டு அமுக்கி அமுக்கி விடுங்கள். குமிழ் வந்து தண்ணீர் இறங்கும், ஊற்றுங்கள். தேர்மோஸ்டாட் திறந்து கீழ் ஓஸும் சூடாகும் வரை தொடருங்கள். எவ்வளவு வடித்தீர்களோ அவ்வளவு திரும்பவும் போக வேண்டும் என்பதுதான் உறுதியான கணக்கு. 9 லீற்றர் வடிந்த இடத்தில் 7 லீற்றரோடு நிரம்பிவிட்டது என்றால் மீதி 2 லீற்றரின் இடத்தில் காற்று இருக்கிறது. எவ்வளவு ஓடியும் குமிழ் ஓயவில்லை என்றால் அது அடைபட்ட காற்றல்ல, ஹெட் கெஸ்கட் வழியாக சிலிண்டரிலிருந்து வரும் எரிந்த வாயு.

ஒரே இடத்தில் மூன்று சென்சர்கள்

எஞ்சின் சரி, முள்தான் பிழை என்று தெளிந்த பிறகு தேர்மோஸ்டாட் கூட்டைச் சுற்றிப் பாருங்கள். டொல்பினில் முன் சீற்றைத் தூக்கினால் கை எட்டும். அங்கே ஒன்றைப் போலவே தோற்றமளிக்கும் இரண்டு மூன்று பித்தளைக் குமிழ்கள் இருக்கும். ஒவ்வொன்றின் வேலையும் வேறு.

முதலாவது மீற்றர் சென்சர். பெரும்பாலும் ஒற்றை வயர்தான் இருக்கும், எர்த்தை, அதாவது பற்றரியின் நெகற்றிவ்வுக்குத் திரும்பும் வழியை, தன் உடம்பு வழியாக எஞ்சினிலிருந்தே எடுக்கும். சூடு ஏற ஏற இதன் தடை குறையும், தடை குறையக் குறைய முள் ஏறும். இரண்டாவது எஞ்சின் கம்பியூட்டருக்கோ, ஸ்டார்ட் செய்ய முன் சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்கின் டைமருக்கோ போகும் சென்சர். இதுவும் சூட்டுக்குத் தடை குறையும் வகைதான், ஆனால் அளவு முற்றிலும் வேறு. மூன்றாவது வெறும் சுவிட்ச். குறித்த வெப்பம் வந்தால் இணையும் அல்லது பிரியும், வேறொன்றும் தெரியாது. பேன், ஏசி, எச்சரிக்கை விளக்கு இவற்றுக்கானது.

எஞ்சின் ஏற்றிய அவசரத்தில் வயரை எது பொருந்துகிறதோ அதில் சொருகிவிடுவதுதான் நம் பக்கம் அதிகம் நடக்கும் பிழை. மீற்றர் வயர் கம்பியூட்டர் சென்சரில் சொருகப்பட்டிருந்தால் முள் எவ்வளவு ஓடினாலும் அடியை விட்டு எழும்பாது. சுவிட்சில் சொருகப்பட்டிருந்தால் முள் அடியிலேயே கிடந்து, ஒரு கட்டத்தில் ஒரேயடியாக மேலே பாயும், பிறகு ஒரேயடியாக விழும். முள் நடந்துகொள்ளும் விதமே எதில் மாட்டியிருக்கிறது என்று சொல்லிவிடும்.

எது எது என்று உறுதிப்படுத்தக் காலையில் குளிர்ந்த எஞ்சினில் ஓர் அளவு போதும். வயரைக் கழற்றிவிட்டு, மல்டிமீற்றரை ஓமுக்குத் திருப்பி, ஒரு முனையைச் சென்சரின் ஊசியிலும் மறு முனையை அதன் அறுகோண உடம்பிலும் வையுங்கள். 28, 30 பாகைக் காலை வெப்பத்தில் பழைய டொயோட்டா மீற்றர் சென்சர் சில நூறு ஓம் காட்டும், ஏறத்தாழ 400 முதல் 600 வரை. கம்பியூட்டர் சென்சர் 1500, 2000 என்று ஆயிரத்தில் காட்டும். அதில் இரண்டு ஊசி இருந்தால் ஊசிக்கும் ஊசிக்கும் இடையில் அளக்க வேண்டும். சுவிட்ச் ஒன்றில் பூச்சியம் காட்டும், அல்லது ஒன்றுமே காட்டாது.

மீற்றரும் சென்சரும் சோடி

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்: மீற்றர் சென்சர் எஞ்சினுக்குச் சொந்தமானதல்ல, டாஷ்போர்டுக்குச் சொந்தமானது. முள்ளும் சென்சரும் சேர்ந்தே வடிவமைக்கப்பட்டவை. குறித்த தடைக்கு முள் குறித்த இடத்தில் நிற்கும். வேறு வண்டியிலிருந்து வந்த எஞ்சினோடு வரும் சென்சர் அந்த வண்டியின் மீற்றருக்கானது. வயர் பொருந்துகிறது, மறை (திருகுப் புரி) பொருந்துகிறது என்பதற்காக அளவும் பொருந்தும் என்று எண்ணிவிட வேண்டாம். 24 வோல்ட் லொறியிலிருந்து எஞ்சின் எடுத்து 12 வோல்ட் வண்டிக்குப் போடுபவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

ஆகவே பழைய எஞ்சினை விற்கவோ இரும்புக்குப் போடவோ முன் அதிலுள்ள மீற்றர் சென்சரைக் கழற்றி எடுத்து வையுங்கள். அது நல்ல நிலையில் இருந்தால் அதையே புது எஞ்சினில் போடுங்கள். ஏற்கெனவே போய்விட்டதென்றால், கடையில் கேட்கும்போது எஞ்சினின் பெயரைச் சொல்லாமல் வண்டியின் மொடலையும் ஆண்டையும் சொல்லுங்கள். “3எல்லுக்கு ஹீட் சென்சர் தாங்க” என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தருவது 3எல் வந்த ஏதோ ஒரு வண்டிக்குரியதாக இருக்கலாம்.

எஞ்சின் கையில் இருக்கும் நேரத்திலேயே அதன் இலக்கத்தையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். எஞ்சின் இலக்கம் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்த வேண்டும். வண்டிக்குள் இறக்கிய பிறகு அந்த இலக்கத்தை வாசிக்கக் கண்ணாடியும் ரோச்சும் தேவைப்படும்.

வயரைக் கழற்றி ஒரு சோதனை

மீற்றர், வயர், சென்சர் ஆகிய மூன்றில் எது பழுது என்பதை இந்தச் சோதனை பிரித்துக் காட்டும். திறப்பு ஒன் நிலையில், எஞ்சின் ஓடாமல்.

சென்சரிலிருந்து வயரைக் கழற்றி எதிலும் படாமல் தொங்கவிடுங்கள். முள் சி எழுத்துக்குக் (குளிர்ப் பக்கம்) கீழே இறங்க வேண்டும். இறங்காமல் மேலேயே நின்றால் வயர் எங்கோ வண்டியின் பொடியில் (உடற்பகுதியில்) தொடுகிறது. எஞ்சின் ஏற்றும்போது கியர்பொக்ஸ் கூட்டுக்கும் எஞ்சினுக்கும் இடையில் நசுங்கியிருக்கலாம், சைலன்சர் பக்கம் உருகியிருக்கலாம், அல்லது பிராக்கெட் ஒன்றின் கீழ் அகப்பட்டிருக்கலாம்.

அடுத்து, அந்த வயரின் நுனியை ஒரு சின்னப் பல்ப் வழியாக எஞ்சினின் வெறும் இரும்பில் தொடுங்கள். 3.4 வாட் டாஷ் பல்ப் நல்லது, பார்க் லைட்டுக்குப் போடும் 5 வாட்டும் போதும். முள் எச் பக்கம் (சூட்டுப் பக்கம்) ஏற வேண்டும். பல்ப் இல்லாமல் நேரே எர்த்தில் தொடுவதைப் பலரும் செய்கிறார்கள். இரண்டு மூன்று செக்கன் தொட்டு எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் சூட்டில் வளையும் பட்டையால் இயங்கும் பழைய மீற்றர்களில் முள் மெதுவாகத்தான் ஏறும். ஏறட்டும் என்று பிடித்துக்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கும் கம்பிச் சுற்று கருகிவிடும். பல்ப் அதைத் தடுக்கிறது. பழைய வகையாயின் அரை நிமிடம் வரை பொறுங்கள். புது வகை முள் சட்டென்று எழும்பும்.

இரண்டிலும் முள் சரியாக நடந்தால் மீற்றரும் வயரும் நல்லவை, பழுது சென்சரிலோ அதன் எர்த்திலோ இருக்கிறது. எர்த்தில் தொட்டும் முள் எழும்பவில்லை என்றால் மல்டிமீற்றரை வோல்ட்டுக்குத் திருப்பி வயரின் நுனிக்கும் பற்றரியின் நெகற்றிவ்வுக்கும் இடையில் பாருங்கள். மீற்றரின் வகைக்கு ஏற்ப 12 வோல்ட்டோ, விட்டுவிட்டு வரும் குறைந்த வோல்ட்டோ தெரிய வேண்டும். ஒன்றுமே இல்லை என்றால் வயர் அறுந்திருக்கிறது, அல்லது மீற்றருக்கே கரண்ட் வரவில்லை. அப்போது டீசல் மீற்றரைக் கவனியுங்கள். அதுவும் செத்துக் கிடந்தால் இரண்டுக்கும் பொதுவான பியூஸ் போயிருக்கலாம். இரண்டு முள்ளுமே வழக்கத்தைவிட மேலே நின்றால், மீற்றர் பலகையின் பின்னால் இருக்கும் வோல்ட் சீராக்கி அல்லது பலகையின் எர்த் பிழை. இந்த ஓர் இடத்தில்தான் டாஷ்போர்டைக் கழற்றுவதில் நியாயம் உண்டு.

எர்த், குறிப்பாகக் கரையோரத்தில்

எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் போகாது. எஞ்சினைப் பற்றரியோடும் பொடியோடும் இணைப்பது தடித்த எர்த் வயர்கள்தாம். எஞ்சின் மாற்றும்போது அவற்றில் ஒன்றைத் திரும்பப் பூட்ட மறந்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. வண்டி அப்போதும் ஸ்டார்ட் ஆகும். கரண்ட் அக்சிலரேற்றர் கேபிள், கியர் கேபிள் என்று கிடைத்த வழியில் போகும். மீற்றர் முள் மட்டும் தன்பாட்டுக்கு ஆடும்.

ஹெட்லைட் போட்டால் முள் நகர்கிறதா, ஹோர்ன் அடித்தால் துள்ளுகிறதா என்று பாருங்கள். துள்ளினால் எர்த்தைத்தான் பார்க்க வேண்டும். மல்டிமீற்றரை வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பற்றரியின் நெகற்றிவ் முனையிலேயே வையுங்கள், கிளாம்பில் அல்ல. சிவப்பு முனையைச் சென்சரின் உடம்பில் வையுங்கள். எஞ்சின் ஓடி, ஹெட்லைட்டும் எரியும்போது 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது 0.5 வரை போகலாம், அதற்கு மேல் போனால் எர்த் போதாது. பிறகு சிவப்பு முனையைச் சென்சர் உடம்பிலிருந்து அதைத் தாங்கும் கூட்டுக்கும், அங்கிருந்து எஞ்சின் புளொக்குக்கும், பொடிக்கும் என்று நகர்த்துங்கள். எந்த இரண்டு இடத்துக்கு நடுவே வோல்ட் மாறுகிறதோ அங்கேதான் இணைப்பு கெட்டிருக்கிறது.

கல்லடியிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் வரை கடலை ஒட்டியே ஓடும் வண்டிகளில் உப்புக் காற்று எர்த் இணைப்புகளைத் தின்றுவிடும். வெளியே பார்க்க வயர் நன்றாகவே இருக்கும். முனையிலிருந்து ஓர் அங்குலம் தோலை உரித்துப் பாருங்கள். செம்பு இழைகள் கறுத்து, நடுவே பச்சைத் தூள் படிந்திருந்தால், சுரண்டிப் பயனில்லை. பளபளக்கும் செம்பு வரும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். சில வயர்களில் அது அரை அடி உள்ளே போயிருக்கும், அப்படியானால் முழு வயரையும் மாற்றுங்கள். மார்கழி வெள்ளத்தில் இறங்கி ஓடிய வண்டியென்றால் சொக்கெட்டுகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

கியர்பொக்ஸ் போல்ட் ஒன்றிலிருந்து செசிக்கு 16 சதுர மில்லிமீற்றர் அல்லது அதைவிடத் தடித்த வயர் ஒன்றை, இரண்டு முனையிலும் வளையம் அழுத்தி, புதிதாகப் போடுங்கள். செசியில் பூட்டும் இடத்தில் பெயின்ற்றைச் சுரண்டி வெள்ளை இரும்பைக் காட்டி, பல் வொஷர் வைத்து இறுக்கி, அதற்குப் பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள். இறுக்க முன்பு பூசக்கூடாது. இந்த வேலை செய்யும்போது பற்றரியின் நெகற்றிவ்வைக் கழற்றி வைத்திருங்கள்.

சென்சரை வெந்நீரில் அளப்பது

வயரும் எர்த்தும் தேறிவிட்டன என்றால் சென்சரைக் கழற்றி அடுப்படிக்கு கொண்டுபோங்கள். சமைக்காத பழைய சட்டி ஒன்றில் தண்ணீர் வைத்து, சென்சரின் மறை வரை மட்டும் மூழ்கும்படி ஒரு கம்பியில் தொங்கவிடுங்கள். ஊசி நனையக்கூடாது, சட்டியின் அடியிலும் சென்சர் தொடக்கூடாது. பக்கத்தில் ஒரு தேர்மோமீற்றரையும் தொங்கவிட்டு, மெல்லிய நெருப்பில் சூடாக்கி, 50, 80, பிறகு கொதிநிலை என மூன்று இடத்தில் ஓமைக் குறியுங்கள்.

பழைய டொயோட்டா மீற்றர் சென்சர் 50 பாகையில் ஏறத்தாழ 160க்கும் 240க்கும் இடையிலும், 80இல் 70, 80 அளவிலும், தண்ணீர் கொதிக்கும்போது 40 சுற்றளவிலும் வரும். 120 பாகையில் இது 20 ஓமுக்குப் பக்கம் இறங்கும் என்றாலும் அடுப்பில் அந்த அளவை எட்ட முடியாது, எட்டவும் தேவையில்லை. இறக்கம் சீராக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். நடுவில் எண் துள்ளினால், ஊசியைத் தட்டும்போது மாறினால், சென்சர் முடிந்துவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க, 20 பாகையில் 2000 முதல் 3000 ஓம், 80 பாகையில் 200 முதல் 400 ஓம் காட்டுவது டொயோட்டா கம்பியூட்டர் சென்சர். அதை மீற்றருக்குப் போட்டால் எஞ்சின் ஓடும் சூட்டில்கூட முள் ஏன் சி பக்கத்திலேயே கிடக்கிறது என்று இந்த எண்களே விளக்கும்.

சென்சரின் நுனியையும் பாருங்கள். வெள்ளைச் சுண்ணாம்பு போல் ஏதாவது தடிப்பாக ஒட்டியிருந்தால் அது கிணற்றுத் தண்ணீரின் வேலை. அந்தப் படிவு சூட்டைத் தடுத்து முள்ளைத் தாமதமாக ஏறவைக்கும்.

திரும்பப் பூட்டும்போது

யப்பான் வண்டிகளில் மீற்றர் சென்சருக்கு அதிகம் வருவது எட்டில் ஒரு அங்குலக் குழாய் மறை. யப்பான் மறைக்கு அங்குலத்துக்கு 28 பல். கடையில் தனியாக விற்கும் மீற்றர் செட்டுகளில் அமெரிக்க மறை வருவதுண்டு, அதற்கு 27 பல். இரண்டும் முதல் மூன்று சுற்றுக்கு ஒன்றுபோலவே போகும், அதன் பிறகு கடிக்கும். கையால் மூன்று நான்கு சுற்றுப் போகாத சென்சரை ஸ்பானரால் திணித்தால் அலுமினியக் கூடு வெடிக்கும். சரியான மறை என்றால் கையால் இறுகிய பின் ஒரு சுற்று அளவு போதும். செம்பு வொஷரோடு வரும் நேர் மறைச் சென்சருக்கு வொஷரைப் புதிதாகப் போட்டு, டேப் சுற்றாமல் இறுக்குங்கள்.

குழாய் மறைக்கும் வெள்ளை டேப்பைப் பைப் வேலைக்குச் சுற்றுவதுபோல் ஐந்தாறு சுற்றுச் சுற்றக்கூடாது. ஒற்றை வயர்ச் சென்சருக்கு அந்த மறைதான் எர்த். டேப் தடித்தால் தடை கூடி, முள் குறைத்துக் காட்டும். நுனியில் இரண்டு பல்லை வெறுமையாக விட்டு, மேலே ஒன்றரைச் சுற்று, அவ்வளவுதான். பூட்டிய பின் சென்சர் உடம்புக்கும் எஞ்சினுக்கும் இடையே ஓம் பாருங்கள். மல்டிமீற்றரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டால் காட்டும் அளவுக்கு மேல் போகக்கூடாது.

புது எஞ்சினின் கூட்டில் பழைய சென்சருக்கு ஓட்டையே இல்லாவிட்டால் முதலில் பழைய எஞ்சினின் தண்ணீர்க் கூட்டைப் பொருத்திப் பாருங்கள். ஒரே குடும்பத்து எஞ்சின்களில் அது பெரும்பாலும் மாற்றிப் பூட்டக்கூடியது. அதுவும் இல்லையேல் மேல் ஓஸை வெட்டி நடுவில் போடும் அலுமினிய இணைப்பு கிடைக்கும். அதன் இரு பக்கமும் ரப்பர் என்பதால் அந்த இணைப்பிலிருந்து எஞ்சினுக்குத் தனியாக ஓர் எர்த் வயர் போட வேண்டும். இதை மறந்தால் எத்தனை சென்சர் மாற்றினாலும் முள் எழும்பாது. இன்னொரு குறையும் உண்டு. தேர்மோஸ்டாட் திறந்த பிறகுதான் அங்கே சூடு தண்ணீர் வரும், ஆகவே தேர்மோஸ்டாட் இறுகிவிட்டால் இந்த இடத்துச் சென்சருக்கு ஒன்றும் தெரியாது. எஞ்சினின் பக்கத்தில், தேர்மோஸ்டாட்டுக்கு முன்பு இடம் கிடைத்தால் அதையே எடுங்கள்.

வயரை நீட்ட வேண்டியிருந்தால் 0.75 அல்லது 1 சதுர மில்லிமீற்றர் வயர் போதும். ஈயத்தால் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாயைப் போட்டு மூடுங்கள். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பு எஞ்சின் சூட்டில் ஒரு மாதத்தில் பிசின் உருகி அவிழ்ந்துவிடும்.

ரெசிஸ்டர் போட்டுச் சரிக்கட்டுவது

முள் கொஞ்சம் மேலே நிற்கிறது, ஒரு ரெசிஸ்டர் போட்டால் நடுவுக்கு வந்துவிடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். வந்துவிடும், அதுதான் ஆபத்து. கணக்கைப் பாருங்கள். வயரோடு தொடராக 30 ஓம் போட்டால், 50 பாகையில் 226 ஓம் காட்டும் சென்சர் 256 ஆகும், முள்ளில் வித்தியாசமே தெரியாது. ஆனால் 120 பாகையில் 23 ஓம் காட்ட வேண்டியது 53 ஆகிவிடும். 53 ஓம் என்பது அந்த மீற்றருக்கு 90 பாகைக்குச் சற்று மேல், அதாவது எல்லாம் நலம். எஞ்சினின் ஹெட் வெடிப்பு விடும் நிலையில் இருக்கும்போது முள் நடுவில் நிற்கும். குளிரில் சரியாகக் காட்டி, சூட்டில் மறைப்பதைவிட மீற்றர் இல்லாமலே ஓடலாம், ஓட்டுபவர் குறைந்தது கவனமாக இருப்பார். பொருத்தமான சென்சர் கிடைக்கும் வரை தனி மீற்றர் ஒன்றை அதன் சொந்தச் சென்சரோடு போட்டு ஓடுங்கள்.

முள் எப்போதும் தாழ்ந்தே நின்றால்

சென்சரும் வயரும் சரி, ஆனால் ஓடும்போது முள் கால்வாசிக்கு மேல் வரவில்லை என்றால் தேர்மோஸ்டாட் இருக்கிறதா என்று பாருங்கள். சூடான ஊருக்கு அது தேவையில்லை என்று எஞ்சின் ஏற்றும்போதே கழற்றி எறிந்துவிடும் பழக்கம் நம் பக்கம் உண்டு. அது தவறான பழக்கம். எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் ஓடினால் டீசல் கூடுதலாகக் குடிக்கும், பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் போரும் தேயும். அடியில் ஒரு சிறு தட்டு உள்ள வகையில் இன்னொரு கேடும் உண்டு. சூடானதும் பைபாஸ் வழியை அடைப்பது அந்தத் தட்டுத்தான். தேர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டால் அந்த வழி எப்போதும் திறந்திருக்கும், தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேற்றருக்குப் போகாமலே எஞ்சினுக்குள் சுற்றும். ஏற்றத்தில் அந்த வண்டிதான் முதலில் கொதிக்கும்.

புதிதாக வாங்கிய தேர்மோஸ்டாட்டையும் பூட்ட முன் அதே சட்டியில் சோதியுங்கள். எத்தனை பாகையில் திறக்கும் என்பது அதன் மேலேயே பொறித்திருக்கும். அந்த வெப்பத்தில் வாய் பிரியத் தொடங்கி, 95 பாகை அளவில் குறைந்தது 8 மில்லிமீற்றர் திறந்திருக்க வேண்டும். பூட்டும்போது விளிம்பில் ஆடும் சின்ன முளை மேல்நோக்கி இருக்கட்டும். காற்று வெளியேறுவது அதன் வழியாகத்தான்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உவர். அதை ரேடியேற்றருக்கு ஊற்றினால் உப்பு அலுமினியத்தை அரிக்கும், சுண்ணாம்பு படியும், சென்சர் நுனியும் மூடிக்கொள்ளும். கலந்து விற்கும் கூலன்ட் ஊற்றுங்கள், அல்லது செறிவான கூலன்ட்டைப் பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீரோடு மூன்றில் ஒன்று முதல் பாதிக்குப் பாதி வரை கலந்து ஊற்றுங்கள். இங்கே உறைபனி கிடையாது என்றாலும் துருவைத் தடுப்பதற்கும் கொதிநிலையை உயர்த்துவதற்கும் அது வேண்டும்.

மற்ற வண்டிகள்

கம்பியூட்டர் உள்ள எஞ்சின்களில் ஸ்கேனர் மாட்டினால் தண்ணீரின் வெப்பம் எண்ணாகவே தெரியும். அது -40 என்று காட்டினால் கம்பியூட்டர் சென்சரின் வயர் விடுபட்டிருக்கிறது. புதிய வண்டிகள் பலவற்றில் மீற்றர் முள்ளுக்குத் தனிச் சென்சரே இல்லை, கம்பியூட்டர்தான் முள்ளை நகர்த்துகிறது. அவற்றில் மேலே சொன்ன, வயரை எர்த்தில் தொட்டுப் பார்க்கும் சோதனையைச் செய்யாதீர்கள். மீற்றர் வயரையும் கம்பியூட்டர் சென்சரின் வயரையும் ஒன்றாகச் சேர்த்து முறுக்கவும் கூடாது. 5 வோல்ட் எதிர்பார்க்கும் இடத்துக்கு மீற்றரின் கரண்ட் போனால் கம்பியூட்டர் பிழையான சூட்டை வாசித்து டீசலையோ பெற்றோலையோ கண்டபடி விடும், பெட்டியே கெடவும் கூடும். சின்ன யப்பான் கார்கள் சிலவற்றில் முள்ளே கிடையாது, நீல விளக்கும் சிவப்பு விளக்கும் மட்டும்.

வயல் பக்கத்துப் பழைய உழவு மெசின்களில் சில மீற்றர்கள் மின்சாரமே இல்லாதவை. மெல்லிய செம்புக் குழாய் ஒன்று சென்சர் குமிழிலிருந்து மீற்றர் வரை போகும், உள்ளே இருக்கும் திரவத்தின் அழுத்தம் முள்ளை நகர்த்தும். அந்தக் குழாயை வெட்டினாலோ நசுக்கினாலோ ஒட்டிப் பயனில்லை. எஞ்சின் இறக்கும்போது முதலில் குமிழைக் கழற்றி, குழாயைப் பெரிய வளையமாகச் சுற்றி ஓரமாகக் கட்டி வையுங்கள்.

ஓடிப் பார்ப்பது

எல்லாம் பூட்டிய பின் முற்றத்தில் ஐடிலில் விட்டுப் பார்த்ததோடு நிறுத்திவிட வேண்டாம். முதல் ஓட்டம் சமதரையில், கல்முனை அக்கரைப்பற்றுப் பாதையில் ஒரு மணி நேரம் போகட்டும். முள் எங்கே வந்து நிலைக்கிறது என்பதைப் பாருங்கள், அந்த நேரத்தில் நிறுத்தித் துப்பாக்கியால் வெப்பத்தையும் எடுத்து, இரண்டையும் ஒரு தாளில் எழுதி முன் கண்ணாடியின் வெயில் மறைப்பில் சொருகி வையுங்கள். பல மீற்றர்களில் 75க்கும் 105க்கும் இடையில் முள் நடுவிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட வண்டியில் முள் நடுவிலிருந்து ஒரு நூலளவு மேலே போனாலே எஞ்சின் நன்றாகச் சூடாகிவிட்டது என்று அர்த்தம். சிவப்புக் கோடு வரை காத்திருக்கக்கூடாது.

மறுநாள் காலை, எஞ்சின் குளிர்ந்த பின் தண்ணீர் மட்டத்தைத் திரும்பப் பார்த்து, குறைந்திருந்தால் நிரப்பி, சென்சரின் மறையில் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

நம் மாவட்டங்களின் கரையோரத் தட்டைத் தரையில் ஒழுங்காக ஓடும் எஞ்சின் மலையில் குறையைக் காட்டும். செங்கலடியிலிருந்து மஹா ஓயா, பிபிலை வரை போவது ஒரு சோதனை. பிபிலை தாண்டி லுணுகலை, பசறை ஏற்றம்தான் உண்மையான சோதனை. ஆட்களை ஏற்றிக்கொண்டு அங்கே போவதற்கு முன் ஒருமுறை தனியாகப் போங்கள். 5 லீற்றர் கலந்த கூலன்ட், ஒரு மேல் ஓஸ், இரண்டு கிளிப், அந்தச் சின்னப் பல்பு, துப்பாக்கி இவற்றை வண்டியில் வைத்திருங்கள். ஏற்றத்தில் முள் எழுதி வைத்த இடத்தைத் தாண்டினால் ஏசியை நிறுத்தி, ஓரமாக ஒதுக்கி, எஞ்சினை உடனே அணைக்காமல் ஐடிலில் இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். ஆவி வந்தாலோ தண்ணீர் ஒழுகினாலோ மட்டும் உடனே அணையுங்கள். முள் இறங்கினால் எஞ்சினுக்குச் சுமை கூடியதுதான் காரணம், கியரைக் குறைத்து ஏறுங்கள். இறங்காவிட்டால் அணைத்து, மேல் ஓஸ் மெத்தென்று ஆகும் வரை, குறைந்தது அரை மணி நேரம், மூடியைத் தொடாமல் காத்திருங்கள்.